செப்பாங் தடத்தில் ஆம்பூர் பிரேக்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டருகே ஹைவேயில் சென்னை பஸ்ஸுக்குக் கைகாட்டி நின்றபோது என்னிடம் ஒரு சூட்கேஸும் ஒரு தோள்பையும் கயிறு போட்டுக் கட்டிய நான்கு லேடீஸ் ஷூ பெட்டிகளும் இருந்தன. 2004 ஆகஸ்ட் மாதம், வியாழக்கிழமை மதியம். கண்டக்டர் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னாம்மா, ஷூவா கல்லா? இந்த கனம் கனக்குது?"

"பிரேக்குங்க. கார் பிரேக்கு."

"அப்ப நம்ம வண்டிக்கும் ரெண்டு மாட்டிட்டுப் போம்மா. புண்ணியமாப் போவும்."

பஸ்ஸே சிரித்தது. டிக்கெட் ஐம்பது ரூபாய். பெட்டிகளுக்கு லக்கேஜ் போடவில்லை. நல்ல மனுஷன். ஆனால் அந்த பஸ் வாலாஜா வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிறீச்சிட்டு நின்ற அழகைப் பார்த்தபோது, அவர் கேட்டது விளையாட்டுக்கு இல்லையோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

ஷூ பெட்டிக்குள் பிரேக் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் எஸ்தர். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் பசை, சோல் ரப்பர் எல்லாம் சோதிக்கும் வேலையில் சேர்ந்தேன். தோல் ஆர்டர் கம்மியாகத் தொடங்கிய சமயத்தில் முதலாளி நிஜாம் பாய் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "சோல் அமுக்குற பிரஸ்ல பிரேக் பேட் அமுக்க முடியாதாம்மா?" என்று கேட்டார். முடியும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஃபேக்டரியின் பின்பக்கத்துத் தகரக் கொட்டகை என் தலையில் விழுந்தது. பிரேக் பேட் என்பது வேறொன்றுமில்லை. டிரைவர் மிதித்ததும் சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டை. அதன் முதுகு இரும்புத் தகடு. முகம் நாங்கள் கலந்து, அமுக்கி, சுட்டு எடுக்கும் கலவை. எங்கள் ஆட்கள் அதை 'மசாலா' என்பார்கள். மசாலா என்னுடையது. அதற்காக மூன்று வருடம் என் தலைமுடி கொட்டியது.

பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா ஏறும் மலைப்பாதையில் பாயின் காரில் மாட்டி இறக்கிப் பார்த்தோம். நன்றாக நின்றது. ஆனால் மலைப்பாதையில் நின்றது என்று சொன்னால் எவன் வாங்குவான்? மலேசியாவில் எங்கள் ஷூவை வாங்கும் வியாபாரிக்கு லோகன் என்று ஒரு தோஸ்த் இருந்தார். கார் ஒர்க்‌ஷாப்பும் உதிரிபாகக் கடையும் வைத்திருந்தவர். ஓய்வு நாளில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர். "செப்பாங் ரேஸ் தடத்துல என் காடில போட்டு ஓட்டிப் பாக்கிறேன். நின்னா வாங்குறேன். செஞ்ச ஆள அனுப்புங்க" என்று போனில் சொன்னார். காருக்கு அங்கே காடி என்று பேர்.

பாய் சுற்றி வளைக்கவில்லை. "நான் போனா பேசத்தான் தெரியும். நீயே போ. அவர் வேணான்னுட்டார்னா பேஜார் பண்ணிக்காத, அந்தக் கொட்டாயில ஷூ பெட்டி அடுக்கிக்கிறேன். நீ பழையபடி பசைக்கு வந்துடு." அன்பாகத்தான் சொன்னார். ஆனால் கொட்டகையில் என்னோடு ஆறு பேர் வேலை செய்தார்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் நான்கு செட்டையும் பேக்கிங் பகுதிக்கு எடுத்துப் போனேன். அங்கே கமலக்கா ராஜ்ஜியம். வெளிநாடு போகும் ஒவ்வொரு ஜோடி ஷூவும் கடைசியாக அவர் கையைத் தாண்டித்தான் போகும். அவர் கட்டிய பெட்டி ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை என்று பாயே எல்லாரிடமும் பீற்றிக்கொள்வார். பேடுகளைப் பார்த்ததும் கமலக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா எஸ்தரு, சாம்பல் பூத்த மாதிரி கீது? குடுத்துட்டுப் போ. ஃபாரின்காரன் பெட்டியத் தொறந்தவொடனே மயங்கணும், நான் பாத்துக்கிறேன்."

பாஸ்போர்ட் வேலையாக ஓடிக்கொண்டிருந்தேன். மாலையில் வந்தபோது நான்கு பெட்டிகளும் டிஷ்யூ தாள் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் போட்டு, கட்டித் தயாராக இருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்தேன். கறுப்புப் பெயிண்ட் அடித்த முதுகுப் பக்கம் மேலே தெரிய, இரண்டிரண்டாக அழகாகப் படுத்திருந்தன. கமலக்கா கன்னத்தைக் கிள்ளி அனுப்பினார்.

சென்னை விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அதே பெட்டியைத் திறந்து, டிஷ்யூவை விலக்கி, "இது எந்த மாடல் செருப்பும்மா?" என்று கேட்டார். நான் பிரேக் என்று விளக்குவதற்குள் பின்னால் வரிசை முணுமுணுத்தது. "சூட்கேஸுக்கு வீல் இருக்கிறதால பிரேக்கும் எடுத்துட்டுப் போறீங்களா?" என்று சிரித்து விட்டுவிட்டார். முதல் விமானப் பயணம். நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன்.

வெள்ளி காலை. கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு வெளியே வந்து நின்றபோது எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது காற்றுதான். ஈரமாக இருந்தது, சூடாக இருந்தது, ஆனால் அதில் ஒன்றுமே இல்லை. எங்கள் பக்கம் அப்படி இல்லை. ரயிலில் வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டும்போது வெளியூர்க்காரர்கள் கர்ச்சீப் எடுத்து மூக்கில் வைப்பார்கள். நாங்கள் "இன்னா ஆச்சு இவங்களுக்கு?" என்று பார்த்துக்கொண்டிருப்போம். தோல், சுண்ணாம்பு, பசை, பாலிஷ் எல்லாம் பிறந்தது முதல் மூக்கில் ஏறி ஏறி, இப்போது மூக்கு அதையெல்லாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. இதைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கதானே பிரேக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது, நல்ல தாட்டியான உடம்பு, ஆரஞ்சு டீ‌ஷர்ட். லோகன். கைகுலுக்குவதற்கு முன்பே, "பசியாறிட்டீங்களா?" என்றார். அங்கே காலை உணவுக்கு அதுதான் பேச்சு. எவ்வளவு அழகான பேச்சு! பசியாறவில்லை என்றேன். சாலையோரக் கடையில் ரொட்டி சானாய் என்று ஒன்று வந்தது: நம் பரோட்டாவின் மெலிந்த தங்கச்சி. ஒரு ரிங்கிட். ஆற்றி ஆற்றி நுரை பொங்கவிட்ட டீ ஒரு ரிங்கிட் இருபது காசு. ஒரு ரிங்கிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்து, இரண்டாவது டீயைக் கைவிட்டேன்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்குத் தடம் தொறப்பாங்க. நான் ஒண்ணு சொல்றேன், மிஸ், கோவிச்சுக்கக் கூடாது. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லிருவேன். பிரேக்குல தயவு தாட்சண்யம் பாக்க முடியாதுலா" என்றார் லோகன்.

"பாக்க வேணாம் சார். நிக்கும்" என்றேன். வாய் எனக்கு எப்போதும் ஒரு அடி முன்னால் போகும்.

சாலாக் திங்கியில் தங்கினேன், அறை அறுபது ரிங்கிட். அங்கிருந்து தடம் பக்கம்தான். வழியெல்லாம் எண்ணெய்ப்பனை. குடியாத்தம் போகும் வழியில் தென்னை நிற்பது போல நிற்கிறது, ஆனால் ஒரே அளவில், ஒரே வரிசையில், தப்பிப் போக ஒரு மரத்துக்கும் இஷ்டமில்லை போல.

சனிக்கிழமை. ரேஸ் என்று நினைத்துப் போனேன், ரேஸ் இல்லை. முந்நூறு ரிங்கிட் கட்டிவிட்டு அவரவர் காரை அவரவர் இஷ்டத்துக்கு வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள். யாரும் யாரையும் ஜெயிக்க வேண்டாம், பரிசும் இல்லை. வக்கீல் ஒருவர் வந்திருந்தார். மஞ்சள் காரோடு ஒரு பல் டாக்டர் அம்மா வந்திருந்தார்; ஹெல்மெட்டைக் கழற்றித் தலையை உதறிவிட்டு, பிளாஸ்கிலிருந்து பார்லித் தண்ணீர் குடித்தார். எனக்கு அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. எங்கள் ஊரில் பல் டாக்டர்கள் இப்படி இருந்தால் நான் பல்லை ஒழுங்காகக் காட்டியிருப்பேன்.

தடம் ஒரு சுற்று ஐந்தரைக் கிலோமீட்டர். இரண்டு நீண்ட நேர்பாதைகள் அடுத்தடுத்து ஓடுகின்றன. ஒன்று முடியும் இடத்தில் கொண்டை ஊசியைப் போலத் திரும்பும் வளைவு, திரும்பினால் மற்றது. நேர்பாதையில் இருநூறைத் தாண்டிப் போகும் கார் அந்த வளைவுக்கு அறுபது எழுபதுக்கு இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் எதிரே பெரிய ஜல்லிப் படுகை. "ஜல்லி எதுக்கு?" என்று கேட்டேன். "பிரேக்கு நிறுத்தலன்னா அது நிறுத்தும்" என்றார் லோகன்.

லோகனின் கார் சிவப்பு, இரண்டே இருக்கை, ஜப்பான்காரர்கள் செய்தது. அவருடைய மெக்கானிக் ரவூப், மலாய்க்காரர், பேச்சு குறைவு, சிரிப்பு ஜாஸ்தி. ஒரு பெட்டியைப் பிரித்து, டிஷ்யூவை ரசித்துப் பார்த்துவிட்டு, கண்மூடித் திறப்பதற்குள் முன்சக்கரங்களில் மாட்டிவிட்டார். நான் அருகில் போய் நிற்கவில்லை. கார் கிளம்பட்டும் என்று கைகளைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றேன். பக்கத்தில் போனால் என் வாய் சும்மா இருக்காது.

புதுப் பேடை எடுத்ததும் அழுத்தக் கூடாது. இரண்டு சுற்று மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். லோகன் அப்படித்தான் ஓட்டினார். நான் அந்த ஊசி வளைவு தெரியும் மேடையில் ஏறி நின்றேன். மூன்றாவது சுற்றில் சிவப்புக் கார் நேர்பாதையில் சீறி வந்தது. பிரேக் போட வேண்டிய இடம் வந்தது. முன்சக்கரங்களிலிருந்து வெளுத்த புகை எழுந்தது. கார் வேகம் குறைந்தது போலவும் இருந்தது, குறையாதது போலவும் இருந்தது. வளைவு வளைந்தது. கார் வளையவில்லை. நேராகப் போய் ஜல்லியில் இறங்கி, மழை போலக் கல்லை வாரி இறைத்துவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்தாற்போல நின்றது.

இயேசுவே என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கதவு திறந்தது. லோகன் இறங்கி இடுப்பில் கைவைத்து நின்றார். ஆளுக்கு ஒன்றுமில்லை. மேடையிலிருந்து இறங்கி ஓடினேன்.

டிராக்டர் காரை இழுத்து வந்தது. லோகன் ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தார். தூக்கிப் போட்டு உடைத்திருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் மெதுவாக வைத்தார்.

"பெடல் கல்லு மாதிரி இருக்கு. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், காடி வழுக்கிக்கிட்டே போகுது. இதுல என்ன கலந்தீங்க மிஸ்?"

"மலைல இறக்கிப் பாத்தது சார்! புகையே வராது. உங்க தட்டுல ஏதாவது எண்ணெ..."

"தட்டு புதுசு."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அதுதான் மிக மோசமான வகை. அதற்குள் ரவூப் பேடைக் கழற்றி, கையுறையோடு மூக்கருகே கொண்டுபோனார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். சிரித்தார். "காசுத்" என்றார்.

லோகன் வாங்கி முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார். "சப்பாத்து வாடைங்கிறான். ஆமா, சரியாத்தான் சொல்றான். பள்ளிக்கூடம் போறப்ப எங்கப்பா சப்பாத்துக்குப் போட்டு விடுவாரே, அந்த வாடை."

நான் வாங்கி முகர்ந்தேன். சூட்டைத் தவிர ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தேன். அப்போதும் ஒன்றுமில்லை. அவர்கள் இருவரும் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். ஷூ வாசனை என்கிறார்கள். எனக்கு மட்டும் வரவில்லை. நான் இருப்பதே ஷூவுக்குள்தானே, எப்படி வரும்? பிரிக்காத இரண்டாவது பெட்டிக்குப் பாய்ந்தேன். டிஷ்யூவைக் கிழித்து ஒரு பேடை எடுத்து, முதன்முறையாக அதன் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

பளபளத்தது. சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக இருக்க வேண்டிய என் மசாலா, கல்யாணத்துக்குப் போகும் ஷூ போல மின்னியது. விரலால் தேய்த்தேன். மெழுகு.

"கமலக்கா!" என்று வாய்விட்டுக் கத்தினேன்.

பெட்டியைத் திறந்தவுடனே ஃபாரின்காரன் மயங்க வேண்டும் என்று சொன்னவர், துணியில் மெழுகு பாலிஷ் தொட்டு, ஒவ்வொரு பேடையும் தேய்த்து, பிரஷ் போட்டு மெருகேற்றி அனுப்பியிருக்கிறார். கவ்விப் பிடிக்க வேண்டிய முகத்தில் வழுக்கும் மெழுகு. புதுச் சரக்கின் மினுமினுப்பு என்று நினைத்து ரவூபும் மாட்டியிருக்கிறார். அடிப்பாவி அக்கா, ஒரு பேடைக்கூட விட்டுவைக்கவில்லையே! நான்கு பெட்டியையும் பிரித்துப் பார்த்தேன், நான்கும் ஒரே ஜொலிப்பு.

நடந்ததை லோகனிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ரவூபுக்கு மலாயில் சொன்னார், அவரும் சிரிக்கவில்லை. அது எனக்குப் புரிந்தது. ஜல்லியில் போய் நின்றது அவர்கள் கார்.

"சரி, கொண்டுபோய்ட்டு வேற அனுப்புங்க" என்றார் லோகன்.

வேறு அனுப்பலாம். ஆனால் "ஜல்லியில் இறங்கியது" என்ற வார்த்தை எனக்கு முன்னால் ஆம்பூர் போய்ச் சேரும். அப்புறம் கொட்டகையில் ஷூ பெட்டிதான். "சார், சாயங்காலம் வரைக்கும் டயம் குடுங்க. மேல்பூச்ச எடுத்துடறேன்" என்றேன்.

"உள்ள எறங்கியிருந்தா?"

நியாயமான கேள்வி. பேட் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே நுண்ணிய துளைகள் உண்டு. மெழுகு எவ்வளவு இறங்கியது என்று கண்ணுக்குத் தெரியாது. அப்போதுதான் எங்கள் ஊர் வேலை ஒன்று ஞாபகம் வந்தது. தோல் வாங்க வரும் எந்த வியாபாரியும் முதலில் செய்வது ஒரு சொட்டுத் தண்ணீரைத் தோலின்மேல் விடுவதுதான். சொட்டு முத்தாக நின்றால் மேலே பூச்சு இருக்கிறது. பரவி உள்ளே போனால் வெறும் தோல். தோலுக்குச் சரியானது பிரேக்குக்கும் சரியாகத்தானே இருக்க வேண்டும்?

பேடின்மேல் ஒரு சொட்டு விட்டேன். முத்து. உருட்டினால் உருண்டது. ரவூப் குனிந்து பார்த்து, "ஓ" என்றார்.

துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தட்டையான இரும்புப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து, பேடைக் கவிழ்த்துத் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்ப்பது, சொட்டு விடுவது, முத்து நிற்பது, மறுபடி தேய்ப்பது. கொஞ்ச நேரத்தில் ரவூபும் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டார். தாள் மெழுகில் அடைத்துப் போகப் போகப் புதுத் தாள் கொடுத்தார். பல் டாக்டர் அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பல் சுத்தம் பண்ற மாதிரி இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு நகக்கனம் போன பிறகு சொட்டு தயங்கியது, விளிம்பு கலங்கியது, மெல்லப் பரவி, கறுத்த வட்டமாக உள்ளே போனது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தூசு என்று ரவூபிடம் சைகை காட்டினேன்.

முன்சக்கரங்களுக்கு வேண்டிய நான்கு பேடும் சொட்டைக் குடித்தன. லோகன் தானே ஒவ்வொன்றிலும் தண்ணீர் விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு சொட்டுத் தண்ணிய நம்பி நான் இருநூறுல போகணுமா மிஸ்?"

"நிக்கும் சார்."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க. அப்ப நீங்களும் பக்கத்துல உக்காருங்க."

என் அம்மா விபத்து வார்டில் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். புறப்படும்போது ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தார்: "எதுல வேணா பிரேக்க மாட்டிக்க. நீ ஏறாத." தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். நான் மாட்டேன் என்றால் லோகன் என்னைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் என்னையே நான் ஏற்றாத வண்டியில் இன்னொருவர் பிள்ளையை எப்படி ஏற்றுவது? "உக்கார்றேன்" என்றேன்.

அப்போதுதான் தடத்து அதிகாரி என் காலைக் காட்டினார். செருப்போடு ஏறக் கூடாதாம். மூடிய ஷூ வேண்டும். லோகன் அன்று முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "ஆம்பூருலருந்து வர்றீங்க, காலுல சப்பாத்து இல்லியா?" இல்லை. பதினோரு வருடம் ஷூ ஃபேக்டரியில் இருந்திருக்கிறேன், ஒரு ஜோடி ஷூ சொந்தமாக இல்லை. பல் டாக்டர் அம்மா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். இரண்டு அளவு பெரிது. முனையில் என் டிஷ்யூ தாளைச் சுருட்டி அடைத்துக்கொண்டேன்.

மாலை நான்கு மணி, மேகம் கட்டிக்கொண்டு நின்றது. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. முதல் இரண்டு சுற்றும் மெதுவாகப் போனோம். நான் மூக்கை நம்ப முடியாததால் கண்ணை வைத்துக்கொண்டு முன்சக்கரப் பக்கமே பார்த்தபடி இருந்தேன். புகை இல்லை. மூன்றாவது சுற்றில் லோகன் ஒன்றும் சொல்லாமல் மிதித்தார். இருக்கை என் முதுகை அறைந்தது. நேர்பாதை முழுவதும் மேடையும் கொடியும் ஒரே கோடாகக் கலங்கி ஓடின. வளைவு தெரிந்தது. ஜல்லி தெரிந்தது; காலையில் இந்தக் கார் கிழித்த இரண்டு கோடுகளும் அதில் அப்படியே இருந்தன. இப்போது போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. இப்போது என்று நினைத்தேன், போடவில்லை. மனுஷன் வேண்டுமென்றேதான் செய்கிறார். என் வலது கால் தானாகவே தரையை மிதித்தது.

போட்டார்.

பெல்ட் என் தோளைக் கவ்வியது. தலை முன்னால் தொங்கியது. நான் போட்டிருந்த மூக்குக் கண்ணாடி ஹெல்மெட்டுக்குள்ளேயே மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. கார் ஒரு பெரிய கை பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது போல இறங்கி, இறங்கி, வளைவில் நடக்கிற வேகத்துக்கு வந்தது போல எனக்குத் தோன்றி, அழகாகத் திரும்பியது. நின்றது! என் பிரேக் பிடித்தது! நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது, "இன்னொரு தபா சார், இன்னொரு தபா!" என்று கத்தியது மட்டும் தெரியும். இன்னும் ஐந்து சுற்று போனோம். ஐந்திலும் பிடித்தது. கடைசிச் சுற்றில் முதல் துளி மழை காரின் முன்கண்ணாடியில் விழுந்து, பரவி ஓடியது.

தடத்தோரக் கொட்டகையில் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் லோகன் சொன்னார்: "பேடு நல்லா இருக்கு. இருநூறு செட்டு எடுத்துக்கிறேன். ஆனா ஒண்ணு. இங்க ஜல்லி இருந்துச்சு, நான் எறங்கி நடந்து வந்தேன். என் கடையில இதை வாங்கிட்டுப் போறவனுக்கு ஜல்லி கிடையாது, குடும்பத்தோட ஹைவேல போவான். அதனால அந்தப் பாலிஷ் போட்ட ஆள மாத்திருங்க."

சரி என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எனக்கு உள்ளே சுருக்கென்றது. "அவங்களவிட சுத்தமா வேல செய்யிறவங்க எங்க ஊர்ல இல்ல சார். அவங்கதான் கட்டுவாங்க. பாலிஷ் இருக்காது. நான் சொல்றேன்."

"எத்தன பெட்டியில நீங்க போய் உக்காருவீங்க?" என்று கேட்டார். முதல் சரக்கைப் பார்த்துவிட்டு அந்த ஆள் விஷயத்தில் முடிவு சொல்கிறேன் என்று கைகொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் அந்த ஜல்லிதான் மனதில் ஓடியது. காசு கட்டித் தப்பு செய்வதற்கு ஓர் இடம், தப்பு செய்தால் தாங்குவதற்குக் கல் படுகை. எங்கள் ஹைவேயில் பள்ளிகொண்டா தாண்டும்போது கோயிலுக்குப் போகிறவர்கள், சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், குறுக்கே எருமை, எதிர்த்திசையில் தைரியமாக வரும் ஆட்டோ. அங்கே எதைப் போய் ஜல்லி என்பது? நிஜமான சோதனைத் தடம் நம்முடையதுதான். நாம்தான் டிக்கெட் போடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

திங்கட்கிழமை ஆம்பூர் பஸ் நிலையத்தில் இறங்கியபோது ஆழமாக மூச்சிழுத்துப் பார்த்தேன். மூன்று நாள் வெளியே இருந்ததில் மூக்கின் பூட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தது போல. லேசாக, தூரத்தில், தோலும் பாலிஷும் மணத்தன. ஆமாம், மணக்கத்தான் செய்கிறது!

நிஜாம் பாயிடம், "நின்னுச்சு பாய்" என்றேன். "அப்ப ஷூ பெட்டிக்கு வேற எடம் பாக்கணும்" என்றார்.

பேக்கிங் பகுதியில் கமலக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெட்டியத் தொறந்தவொடனே இன்னா சொன்னாங்க? சொல்லு, சொல்லு!"

அந்த முகத்தைப் பார்த்து எனக்கு மனசு வரவில்லை. "வாசனை சூப்பர்னாங்க அக்கா" என்றேன். பொய்யில்லை, அதைத்தான் சொன்னார்கள்.

"நான் சொல்லல? அடுத்த தபா ரெண்டு கோட்டு அடிக்கிறேன் பாரு!"

ஐயோ! ஒரு நிமிஷம் நல்லவளாக இருக்கப் பார்த்தால் இப்படியா? கையைப் பிடித்து அவரைக் கொட்டகைக்கு இழுத்துப் போனேன். அங்கே சோதனைக்கு ஒரு தட்டு மோட்டாரில் சுற்றும். அவர் மெருகேற்றியதில் மீந்து வந்த ஒரு பேடை மாட்டி அழுத்தினேன். புகை வந்தது. தட்டு நிற்காமல் வழுக்கிச் சுற்றியது. அப்புறம் நான் தேய்த்துத் திரும்பக் கொண்டுவந்த பேடை மாட்டி அழுத்தினேன். தட்டு நின்றது. ஜல்லியையும் சொன்னேன். கமலக்கா புகையைப் பார்த்தபடியே நின்றார்.

"அந்த வண்டில நீ உக்காந்தியா?"

"தேச்ச பிறகு உக்காந்தேன்."

"தேய்க்காம உக்காந்திருந்தா?"

என் தோளில் பளாரென்று ஓர் அடி வைத்தார். "எதுக்குடி உக்காந்த? உங்கம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். மோட்டார் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

முதல் சரக்கு கட்டும் நாளில் போய்ப் பார்த்தேன். பாலிஷ் டப்பா, துணி, பிரஷ் எல்லாம் கூடத்தின் அந்தக் கோடிக்குப் போயிருந்தன. கமலக்கா முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஒரு பேடையும் விடாமல் எடுத்து, ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது உள்ளே இறங்கும்வரை பார்த்துக் காயவைத்தபிறகுதான் டிஷ்யூவில் சுற்றினார். மழைக்கு ஒதுங்கியபோது லோகன் கேட்ட கேள்விக்கு அங்கே நின்றபோதுதான் எனக்குப் பதில் கிடைத்தது. ஷூ கிரீம் அப்பிய கையோடு பக்கத்தில் வந்த ஒரு பெண்ணை அவர் விரட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கையோட இங்க வராத! எல்லாரும் கேட்டுக்குங்க. ஒவ்வொரு பெட்டிலயும் நம்ம எஸ்தரு உக்காந்துகினு போறான்னு நெனச்சிக் கட்டுங்கடி!"